எழுபத்தெட்டு வீதம் கூஸ்கூஸ்

ஓல்ரன் ஆஸ்பத்திரிக் கன்ரீனில்
காசு வாங்குகிற இடத்தில் இப்போது ஆளில்லை.
ஒரு கமரா தொங்குகிறது, பகல் வௌவால்போல.
தட்டை அதற்குக் கீழே வைத்தால்
சூப், பாண், அப்பிள் யூஸ் என்று எழுதி
கூட்டிக் கணக்கும் சொல்லும்.

அங்கே இருந்த சொரிக்கா
இப்போது பாத்திரம் கழுவுகிற பக்கம், என்னோடு.
"அது எப்பிடிக் கண்டுபிடிக்குது?" என்று கேட்டேன்.
"நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறன் எண்டு
ஒன்பது வருசமா ஒருத்தரும் கேட்கேல்லை" என்றாள்.

சூரிச்சிலிருந்து திருத்த வந்த பெடியன் ரேத்தோ
கோப்பி ஆறும்வரை விளக்கினான்.
அதுக்குச் சூப் எண்டால் என்ன எண்டு தெரியாது.
சூப்பின்ர படம் பத்தாயிரம் காட்டியிருக்கிறம்.
புதுசா ஒண்டு வந்தால்
எதுக்குக் கிட்ட நிக்குது எண்டு பாக்கும்.
கிட்ட நிக்கிறதின்ர பேரைச் சொல்லும்.
அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

இடைவேளைக்கு என் நீலப் பெட்டியைத் திறந்து
புட்டோடு கீழே வைத்தேன்.
கண்மூடித் திறக்கவில்லை.
கூஸ்கூஸ், எழுபத்தெட்டு வீதம்,
ஒன்பது பிராங் எண்பது.

கோபம் வரவில்லை.
அரிசிமாவையும் தேங்காய்ப்பூவையும்
ஒருநாளும் காணாத ஒன்று
பக்கத்து வீடுவரை வந்து
கதவைத் தட்டியிருக்கிறது.

"தெரியாது எண்டு சொல்லாதோ?"
ரேத்தோ பிடரியைச் சொறிந்தான்.
"சொல்லப் பழக்கலாம்.
பழக்கினால் வரிசை நீளும் எண்டு மேலிடம் விடேல்லை."

நவம்பர் முழுக்க இங்கே புகார்.
காலை ஐந்தரைக்கு ஆரே ஆற்று மரப்பாலத்தில்
ஓர் ஆள் நிற்பது கண்டு
குருயெட்சி என்றேன்.
குப்பைத்தொட்டி.
ஆளுக்குக் கிட்ட நின்ற குப்பைத்தொட்டி.
யாரும் பார்த்தார்களோ என்று
இரண்டுதரம் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன்.
கமராவுக்கு அந்த வெட்கம் கிடையாது.
பிழைத்தால் அடுத்த தட்டு.

பிறகு ஹுன்சிக்கர் அம்மாவுக்கு ஒரு யோசனை:
கன்ரீனில் உலக உணவு வாரம்.
புட்டும் உண்டு. அதற்குப் புட்டைப் பழக்கவேண்டும்.
நான்தான் வாத்தி.
வெள்ளைப் புட்டு, குரக்கன் புட்டு,
குழலிலிருந்து முழுசாய் இறங்கியது, உதிர்ந்தது,
வெளிச்சத்தில், நிழலில், சரித்து, திருப்பி,
இருநூற்றுப் பதினொரு படம்.
கடைசியில் எழுதியது: புட்டு, தொண்ணூற்றாறு.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் சோறு கொண்டுபோனேன்.
புட்டு, தொண்ணூற்றொன்று.
வெறும் பெட்டியை வைத்தேன்.
புட்டு, தொண்ணூற்றைந்து.

இருநூற்றுப் பதினொரு படத்திலும்
அது பார்த்துப் படித்தது என் நீலப் பெட்டியை.
பிழை அதனுடையதில்லை,
ஒரே பெட்டியில் வைத்துப் படம் எடுத்தவள் நான்.
எத்தனை பேர் இப்படி
என்னென்ன பெட்டிகளை அதற்குக் காட்டியிருப்பார்களோ.

மூன்று மணிக்குக் கன்ரீன் காலி.
வெளிக்கிடும் முன் கையுறையைக் கழற்றி
என் கையை அதற்குக் கீழே நீட்டினேன்.
சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய ஐந்து விரல்.
சொசேஜ், நாற்பத்தொரு வீதம்,
ஏழு பிராங் இருபது.

விரலை மடக்கினேன். முப்பத்தெட்டு.
விரித்தேன். நாற்பது.
"என்ன செய்யிறாய்?"
"விலை பாக்கிறன்."
சொரிக்கா தன் கையையும் பக்கத்தில் வைத்தாள்.
இரண்டு சொசேஜ், பதினான்கு நாற்பது.
"ஒரே விலை" என்றாள், "பரவாயில்லை,
சம்பளத்தில அதுகூட இல்லை."

காசைச் செலுத்தவும் என்று பச்சைப் பொத்தான் மினுங்கியது.
அவள் சிவப்பை அமத்தினாள்.
வாசலுக்கு ஓடி வந்தோம்.
மூன்று பத்து பஸ்
புகாருக்குள் வந்துகொண்டிருந்தது,
அல்லது பஸ்ஸுக்குக் கிட்ட நின்ற
வேறு ஏதோ ஒன்று.